தீவகத்தில் முதல் வேலை: 30,000 ரூபா சட்டம் பதின்ம வயதினருக்கு எதைத் தருகிறது?

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு தீவக வீடுகளில் ஒரு பேச்சு எழும். பெறுபேறு வரும்வரை பொடியன் சும்மாதானே இருக்கிறான், எங்கேயாவது ஒரு வேலைக்கு விடலாமா என்பதுதான் அது. சில வீடுகளில் அந்தப் பேச்சு பரீட்சைக்கு முன்பே வந்துவிடுகிறது. தகப்பன் இல்லாத வீடு, கடலுக்குப் போக முடியாத தகப்பன் உள்ள வீடு, நுண்கடன் கட்டும் வீடு என்றால் அது பேச்சாக மட்டும் நிற்பதில்லை.

வேலை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் பட்டியல் சிறியது. போயா விடுமுறையும் பாடசாலை விடுமுறையும் வந்தால் குறிகட்டுவான் இறங்குதுறையில் தென்பகுதி பேருந்துகள் வரிசைகட்டும். நயினாதீவுக்குப் போகும் யாத்திரிகர்களை நம்பிச் சாப்பாட்டுக் கடைகளும் பனம்பொருள், கருவாடு விற்கும் கடைகளும் இயங்குகின்றன. ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் திருவிழா நடக்கும் நாட்களில் தேவைப்படும் கைகள் இன்னும் கூடும். நெடுந்தீவில் குதிரைகளையும் கோட்டையையும் பார்க்க வருவோரை ஏற்றிச் செல்லும் வாகனங்கள், ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் பலசரக்குக் கடைகள், கட்டட வேலையில் கையாள், மீன்வாடி, நண்டு தரம் பிரித்தல், கடலட்டைப் பண்ணை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஊருக்குள் கிடைக்கக்கூடிய முதல் வேலை ஏறக்குறைய இவ்வளவுதான்.

2026 ஜனவரி 1 முதல் இலங்கையில் தேசிய குறைந்தபட்ச வேதனம் மாதம் 30,000 ரூபா. நாட்கூலி என்றால் 1,200 ரூபா. இந்த உயர்வு மேலே சொன்ன வேலைகளைப் பிள்ளைகளுக்குத் தருமா, பறிக்குமா? உலகெங்கும் பொருளியலாளர்கள் நெடுங்காலமாகச் சண்டை பிடிக்கும் கேள்வி இது. தீவகத்தில் அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. வேலை போகாமலே பிள்ளையின் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடுமா என்பதே அது.

சட்டம் வந்த வழி

எல்லாத் தொழிலுக்கும் பொதுவான குறைந்தபட்ச வேதனம் என்பது இலங்கைக்குப் புதியது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேயிலை, கட்டடம், உணவக விடுதி எனத் தொழிலுக்கு ஒரு சபை சம்பளத்தைத் தீர்மானித்து வந்தது. எந்தச் சபைக்குள்ளும் வராத தொழிலாளருக்குக் கீழ்வரம்பு என்று ஒன்று இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் அந்த வரம்பை முதன்முறையாக நாடு முழுவதற்கும் போட்டது. அப்போது அது மாதம் 10,000 ரூபா, நாளுக்கு 400 ரூபா.

2021 ஆகஸ்டில் அது 12,500 ஆனது. 2024இல் 17,500 ஆக உயர்த்தப்பட்டது. 2025 ஏப்ரல் 1இல் 27,000, இப்போது 30,000. மாதத் தொகையை 25ஆல் வகுத்தால் நாட்கூலி வரும். 30,000க்கு அது 1,200.

17,500இலிருந்து 27,000க்கு ஒரே பாய்ச்சலில் போனது போலத் தோன்றும். ஆனால் அதற்கு முன்னர் வரவுசெலவுத் திட்ட நிவாரணப்படி என்று 3,500 ரூபா தனியாகச் சேர்த்து வழங்கப்பட்டு வந்தது. அதையும் கூட்டினால் பழைய தொகை 21,000. 2025இல் அந்தப் படியை அடிப்படை வேதனத்துக்குள் சேர்த்துவிட்டார்கள்.

விலைவாசியோடு ஒப்பிட்டால் படம் இன்னும் மாறும். 2021 ஆகஸ்டில் குறைந்தபட்ச வேதனமும் படியும் சேர்ந்து 16,000 ரூபா. அடுத்த ஆண்டு நாடு வங்குரோத்தானது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 வீதம். அந்த நேரத்திலும் சட்டம் சொன்ன தொகை அதே 12,500தான். 2021ஆம் ஆண்டு விலையை 100 என வைத்தால், 2025இல் சுட்டெண் 190ஐ ஒட்டி நின்றது. அப்படிப் பார்த்தால் 2021இன் 16,000 ரூபாவுக்குச் சமமான இன்றைய தொகை 30,000 ரூபாவுக்கு மிக அருகில் வருகிறது. அதாவது, இந்த உயர்வு தொழிலாளியை நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் நின்ற இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. தொழிலாளிக்குப் பெரிய அள்ளு என்று நினைப்பவர்களும், இதனால் வியாபாரம் படுத்துவிடும் என்பவர்களும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

பதினாறு, பதினெட்டு: இரண்டு கோடுகள்

பதின்ம வயதினரைப் பொறுத்தவரை சட்டம் இரண்டு கோடுகள் கிழித்திருக்கிறது. முதலாவது 16. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது நெடுங்காலம் 14 ஆக இருந்தது. 2021இல் அதை 16 ஆக உயர்த்தினார்கள். கட்டாயக் கல்வி வயதும் 16 வரை என்பதால் இரண்டும் பொருந்தி வந்தன. பதினைந்து வயதுப் பிள்ளையைக் கடையில் சம்பளத்துக்கு நிறுத்துவது இன்று சட்டவிரோதம்.

இரண்டாவது 18. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர்கள் வேலை செய்யலாம். ஆனால் ஆபத்தான வேலை எனப் பட்டியலிடப்பட்டவற்றில் அவர்களை அமர்த்தக் கூடாது. ஆழ்கடல் மீன்பிடி அந்தப் பட்டியலில் இருக்கிறது. இரவு வேலைக்கும் கட்டுப்பாடு உண்டு.

சம்பளத்தில் அப்படி எந்தக் கோடும் இல்லை. இளையவர் என்பதற்காகக் குறைந்த தொகை என்று தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் சொல்லவில்லை. பதினாறு வயதுக் கடைப் பொடியனுக்கும் நாற்பது வயதுக் கடை ஊழியருக்கும் கீழ்வரம்பு ஒன்றே.

எங்கள் உறவினர் வாழும் நாடுகள் சில வேறு வழியில் போகின்றன. பிரித்தானியாவில் 2026 ஏப்ரலிலிருந்து 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு மணித்தியாலத்துக்கு 12.71 பவுண். 18 முதல் 20 வரை 10.85. 16, 17 வயதினருக்கு 8 பவுண் மட்டுமே. கனடாவின் ஒன்ராறியோவில் பொது வேதனம் 17.60 டொலராக இருக்கையில், பாடசாலைக் காலத்தில் வாரம் 28 மணித்தியாலத்துக்கு மேற்படாமல் வேலைசெய்யும் 18 வயதுக்கு உட்பட்ட மாணவருக்கு 16.60 டொலர். அனுபவம் இல்லாத பிள்ளையை அதே விலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள், எனவே விலையைக் கொஞ்சம் குறைத்தால் கதவு திறக்கும் என்பது அந்த நாடுகளின் எண்ணம்.

இங்கே இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. அங்கெல்லாம் வேதனம் மணித்தியாலக் கணக்கில். எங்கள் சட்டத்தில் மாதத்துக்கும் நாளுக்கும்தான் தொகை. சனி, ஞாயிறு மட்டும், அதுவும் படகு வரும் நான்கைந்து மணித்தியாலம் மட்டும் கடையில் நிற்கும் பிள்ளைக்கு எவ்வளவு என்று சட்டத்தைத் திறந்து நேரே ஒரு தொகையைச் சுட்டிக்காட்ட முடியாது. தீவகத்தின் இளையோர் வேலை பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கிறது.

வேதனம் கூடினால் வேலை குறையுமா?

விலை கூடினால் வாங்குவது குறையும் என்பது சந்தைப் பாடம். உழைப்பும் அப்படித்தான், எனவே குறைந்தபட்ச வேதனம் கூடினால் முதலில் வெளியே போவது அனுபவமற்ற இளையவர்களே என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன.

1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் வேதனத்தை மணித்தியாலத்துக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், அலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் எல்லையின் இரு பக்கமும் 410 துரித உணவகங்களில் கணக்கெடுத்தார்கள். பதின்ம வயதினர் அதிகம் வேலைசெய்யும் இடங்கள் அவை. உயர்த்திய மாநிலத்தில் வேலை குறைந்ததாக அவர்கள் காணவில்லை. பிற ஆய்வாளர்கள் சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு அந்த முடிவை மறுத்தார்கள். வாதம் இன்றுவரை ஓயவில்லை. ஆனாலும் 2021இல் கார்டுக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு இவ்வகை ஆய்வுகளே காரணம்.

டென்மார்க்கில் எதிர்ப்பக்கச் சான்று கிடைத்தது. அங்கே 18 வயது நிறைந்ததும் குறைந்தபட்ச வேதனம் சுமார் 40 வீதம் உயர்கிறது. அந்தப் பிறந்தநாளைத் தாண்டியதும் அந்த வயதினரின் வேலைவாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு விழுவதை 2020இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. முதலாளிக்கு அங்கே மாற்று வழி கையருகில் இருந்தது. பதினெட்டு நிறைந்தவரை அனுப்பிவிட்டுப் பதினேழு வயதினர் ஒருவரைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று அடித்துவிடவில்லை. உயர்வு எவ்வளவு பெரியது, முதலாளிக்கு வேறு என்ன வழி இருக்கிறது, தொழிலாளிக்கு வேறு எங்கே போகலாம் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. தீவுக்கு இதில் கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஓர் ஊரில் வேலை தருபவர்கள் இரண்டு மூன்று பேர் மட்டும் என்றால், சம்பளத்தை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். நாளுக்கு 800 ரூபா தருகிறேன், விரும்பினால் நில் என்று சொல்லலாம். பிள்ளைக்குப் பக்கத்துக் கடை என்று ஒன்று இல்லை. அடுத்த கடைக்குப் போகக் கடல் கடக்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் சட்டம் 1,200 என்று கட்டாயப்படுத்தினால், ஓரளவு வரை, வேலை குறையாமலே சம்பளம் உயர முடியும். முன்பு பிள்ளையின் உழைப்பின் பெறுமதிக்கும் குறைவாகவே கொடுத்திருந்தார்கள் என்பதே அதற்குக் காரணம்.

ஓரளவு வரை என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். தீவுக்கடை பெரிய கடை இல்லை.

ஒரு கடையின் கணக்கு

இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளத்துக்கு ஓர் ஊழியர். வேதனம் 30,000. அதற்கு மேல் முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், 3,600 ரூபா கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 900 ரூபா. மொத்தச் செலவு 34,500 ரூபா. ஊழியரின் சம்பளத்தில் சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,400 ரூபா பிடிக்கப்படும். கையில் கிடைப்பது 27,600.

கடைக்கு நூறு ரூபா விற்பனையில் பத்து ரூபா மிஞ்சுகிறது என்று வைத்தால், அந்த ஓர் ஊழியரின் செலவை எடுக்க மாதம் 345,000 ரூபா விற்பனை வேண்டும். நாளுக்கு 11,500. யாத்திரிகர் வரும் நாட்களில் அது நடக்கலாம். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்துப் படகு நின்றால் நடக்காது. அரிசி, எரிவாயு, சோடா எல்லாம் படகேறி வரும் தீவென்றால் ஏற்றுக்கூலியும் சேரும்.

ஆகவே கடைக்காரர் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிப்பார். முதலாவது, சொந்தத்துக்குள் பார்த்துக்கொள்வது. மனைவி, மகன், மருமகன் நிற்பார்கள். குடும்பத்தவர் மட்டும் வேலைசெய்யும் தொழிலுக்குச் சேமலாப நிதியும் கட்டாயமில்லை. அயல்வீட்டுப் பிள்ளைக்கு இருந்த இடம் போய்விடும். இரண்டாவது, மாதச் சம்பளத்தை விட்டுத் திருவிழாவுக்கும் விடுமுறைக்கும் மட்டும் நாட்கூலிக்குக் கூப்பிடுவது. மூன்றாவது, ஆளை வைத்துக்கொண்டு பெயரை எழுதாமல் விடுவது.

மூன்றாவதுதான் மிகச் சுலபம். கையில் காசு, கையெழுத்து இல்லை. முதலாளிக்கு மாதம் 4,500 மிச்சம். பிள்ளைக்கும் 2,400 பிடிபடாமல் முழுக்காசும் கைக்கு வருகிறது. இரு பக்கமும் சந்தோசம் போல இருக்கும். இலங்கையின் வேலைவாய்ப்பில் பாதிக்கு மேல் ஏற்கெனவே இப்படிப்பட்ட முறைசாரா வேலைதான்.

அப்படியென்றால் பதிவில்லாத பிள்ளைக்கு இந்தச் சட்டத்தால் பயனே இல்லையா? அப்படியும் இல்லை. பிரேசில் நாட்டில் ஒரு விடயத்தைக் கவனித்தார்கள். குறைந்தபட்ச வேதனம் உயரும்போது, சட்டம் எட்டாத பதிவில்லாத தொழிலாளரின் கூலியும் கூடவே உயர்ந்தது. சட்டத் தொகையை எல்லோரும் ஒரு குறியாக வைத்துக்கொண்டு பேரம் பேசினார்கள். இதை அங்கே வெளிச்சவீட்டு விளைவு என்று அழைக்கிறார்கள். காரைநகர்க் கோவளத்து வெளிச்சவீட்டைப் பார்த்துத் தொழிலுக்குப் போனவர்களுக்கு இந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. தூரத்தில் இருப்பவனுக்கும் கரை எங்கே என்று அது காட்டும். தீவகத்திலும் 1,200 என்ற எண் வாய்வழியாகப் பரவினால், 800 கேட்ட பிள்ளை 1,000 கேட்கும்.

ஆனால் வெளிச்சவீடு திசை காட்டுவதோடு சரி, படகைக் கட்டிவைக்காது. பிரேசிலில் முறையான வேலை என்றால் முதலாளி அதைத் தொழிலாளியின் வேலைப் புத்தகத்தில் பதிவார். கூலி உயர்ந்தாலும் அந்தப் பதிவு இல்லாதவருக்கு அந்தப் புத்தகம் தரும் பாதுகாப்புகள் கிடைப்பதில்லை.

எழுதப்படாத இரண்டு வருடம்

பதிவில்லாமல் இரண்டு வருடம் வேலை செய்த பிள்ளை எதை இழக்கிறது என்று காசாகவே பார்க்கலாம். சேமலாப நிதிக்கு மாதம் 6,000, நம்பிக்கை நிதிக்கு 900. மொத்தம் 6,900. இருபத்து நான்கு மாதத்துக்கு 165,600 ரூபா. வருடாந்த வட்டி வேறு. இதில் பிள்ளையின் சம்பளத்திலிருந்து போவது 57,600 மட்டுமே. மிச்சம் 108,000 முதலாளியின் பங்கு. கையில் முழுச் சம்பளம் வருகிறது என்று மகிழும்போது இந்த 108,000 கண்ணுக்குத் தெரிவதில்லை.

காசைவிடக் கூடிய இழப்பு ஒன்றும் உண்டு. பதினேழு வயதில் தொடங்கிய வேலைக்குச் சாட்சியாக ஒரு தாளும் இருக்காது. வேலையில் கை நசுங்கினால், இவன் என் ஆள் இல்லை என்று சொல்லிவிடலாம். நாளை யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனம் அனுபவம் கேட்டால் காட்ட எதுவும் இல்லை. வங்கியில் கடன் கேட்டால் வருமானத்துக்கு ஆதாரம் இல்லை. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தாலும் அதே நிலைதான்.

இது தீவக மக்களுக்குப் புதிய கதை அல்ல. 1990, 91ஆம் ஆண்டுகளில் தீவகத்தின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. வலிகாமத்திலும் வன்னியிலும் கொழும்பிலும் சாப்பாட்டுக்கும் சில்லறைக்குமாகக் கடைகளில் நின்ற பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். அப்போது யாரும் சேமலாப நிதி பற்றி யோசிக்கும் நிலையில் இருக்கவில்லை. சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். அந்த வயதுக்கு வரும்போது பலரிடம் எடுப்பதற்கு எதுவும் இல்லை. பிறப்புச் சான்றிதழுக்கும் காணி உறுதிக்கும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய எங்களுக்கு, பெயர் எழுதப்படாமல் போவதன் விலை என்னவென்று நன்றாகத் தெரியும். அடுத்த தலைமுறையின் முதல் வேலையிலும் அதையே விட்டுவிடுகிறோம்.

கடல் கடந்து போனால்

யாழ்ப்பாண நகரத்தின் பெரிய கடைகளிலும் அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையிலும் கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகளிலும் பதிவுள்ள வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வேலணை, ஊர்காவற்றுறைப் பிள்ளை பண்ணைத் தாம்போதி வழியாகப் பேருந்தில் நகரத்துக்குப் போய் வரலாம். மாலை கடைசிப் பேருந்தை வேலை நேரத்தோடு பொருத்த முடிந்தால் சரி.

நெடுந்தீவுப் பிள்ளைக்கு அது முடியாது. குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அங்கிருந்து நகரத்துக்கு இன்னொரு பேருந்து. இரவு எட்டு மணிக்குக் கடை மூடினால் திரும்பப் படகு இல்லை. தங்க வேண்டும். அறைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 18,000 முடிகிறது என்று வைத்தால் 27,600இல் மிஞ்சுவது 9,600. ஊரில் பதிவில்லாமல் நாளுக்கு 1,000 ரூபாவுக்கு மாதம் 15 நாள் நின்றாலே 15,000 கையில் வரும். சட்டம் சொன்ன அதே 30,000, படகு நேரத்தால் இப்படி உருமாறுகிறது. பதினாறு வயதுப் பெண்பிள்ளையைத் தனியே நகரத்தில் தங்கவிட வீட்டார் தயங்குவதையும் சேர்த்தால் கதவு இன்னும் ஒடுங்கும்.

இலங்கையில் 15 முதல் 24 வயது வரையான தொழிற்படையினரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வேலையில்லாதவர். நாட்டின் பொது வேலையின்மை வீதத்தைவிட இது பல மடங்கு. தீவகத்தில் அதற்கான காரணத்தைத் தேடினால், வேதனத்துக்கு முன்னால் படகு அட்டவணை வந்து நிற்கிறது.

பாடசாலைப் பக்கம்

1,200 ரூபா என்ற எண்ணுக்கு இன்னொரு முகமும் உண்டு. கணிதத்தில் தவறிய பிள்ளைக்கு, மறுபடி பரீட்சை எழுதுவதா, உயர்தரத்துக்குப் போவதா என்று குழம்பும் பிள்ளைக்கு, மாதம் 30,000 பெரிய இழுவை. ஆசிரியர் பற்றாக்குறையும் நகரத்துத் தனியார் வகுப்புக்குப் போக முடியாத தூரமும் உள்ள இடத்தில் அந்த இழுவை இன்னும் பலமானது. வேதனம் உயர்ந்தது நல்லதே. ஆனால் பெறுபேறு வரும்வரை என்று தொடங்கிய வேலை பெறுபேறு வந்த பிறகும் நீளுவதுதான் வீடுகள் கவனிக்க வேண்டிய இடம். விடுமுறை வேலைக்கு முடிவுத் தேதி ஒன்றை முதலிலேயே முதலாளியிடமும் பிள்ளையிடமும் சொல்லிவைப்பது எளிய வழி.

முதல் நாளுக்கு முன் கேட்க வேண்டியவை

பிள்ளையை வேலைக்கு விடும் பெற்றோரும் வேலைக்குப் போகும் பிள்ளையும் கீழ்வருவனவற்றைக் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

பிள்ளைக்கு 16 வயது நிறைந்துவிட்டதா? நிறையவில்லை என்றால் அந்த வேலை வேண்டாம். 18 நிறையாதவர் என்றால் வேலை ஆபத்தானதா, இரவில் எத்தனை மணி வரை என்று கேளுங்கள்.

சம்பளம் மாதக் கணக்கா, நாட்கணக்கா? மாதம் என்றால் 30,000க்கும், நாள் என்றால் 1,200க்கும் குறையக் கூடாது. சாப்பாடு தருகிறோம் என்று சொல்லி எவ்வளவு கழிக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை மணித்தியாலம்? கடை, அலுவலக ஊழியருக்கான 1954ஆம் ஆண்டின் சட்டப்படி நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு மேலதிகக் கொடுப்பனவு. நியமனக் கடிதம் கொடுப்பதும் இதே சட்டத்தில் முதலாளியின் கடமை.

சேமலாப நிதியில் பெயர் பதிவார்களா? ஒரே ஓர் ஊழியரை வைத்திருந்தாலும் இது பொருந்தும். நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி என்ற வேறுபாடு இல்லை. பயிலுநர் என்று பெயர் வைத்தால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. அரச பயிற்சித் திட்டங்களில் முறைப்படி சேர்ந்த பயிலுநர் நிலை வேறு, கடைக்காரர் வாயால் சொல்லும் பயிலுநர் வேறு. அங்கத்துவ இலக்கத்தை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போன நாட்களையும் வாங்கிய காசையும் பிள்ளை தன் கைப்பட ஒரு கொப்பியில் திகதியோடு எழுதிவரட்டும். முறைப்பாடு என்று வந்தால் அந்தக் கொப்பி உதவும். முறைப்பாட்டை யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் செய்யலாம். வயது குறைந்த பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பதாக அறிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கடைக்காரர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சேமலாப நிதியைக் காலம் தாழ்த்திக் கட்டினால் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். இன்று மிச்சம் பிடிக்கும் 4,500 சில வருடத்தில் கழுத்தை நெரிக்கும் கடனாகத் திரும்பி வரலாம்.

செய்யக்கூடியவை

வேதனத்தைக் குறைப்பதாலோ, இளையவருக்குத் தனித் தொகை வைப்பதாலோ தீவகத்தில் புதிய கடைகள் முளைக்கப் போவதில்லை. மணித்தியாலத்துக்கு ஒரு தொகையைச் சட்டத்தில் எழுதினால், வார இறுதியில் நான்கு மணித்தியாலம் நிற்கும் மாணவரையும் பதிவுக்குள் கொண்டுவரலாம். தொழில் அதிகாரிகள் மாதம் ஒருமுறை பிரதேச செயலகங்களில் இருந்து பதிவுகளைச் செய்துகொடுத்தால், ஒரு படிவத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டு நகரத்துக்குப் போகும் அலைச்சல் கடைக்காரருக்குக் குறையும். நெடுந்தீவுக்கு மாலையில் ஒரு படகு கூடினால் நகரத்தின் பகல் வேலைகளில் சிலவாவது எட்டும் தூரத்துக்கு வரும்.

அதுவரை பொறுப்பு வீடுகளில்தான் இருக்கிறது. அடுத்த சாதாரண தரப் பரீட்சை முடிந்து அதே பேச்சு எழும்போது, எவ்வளவு தருவார்கள் என்பது முதல் கேள்வியாக இருக்கும். அதோடு பெயரை எங்கே எழுதுவார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.